இரண்டாவது வேகம்

தால்திகொர்கான்,
செப்டம்பர் 3

அன்புள்ள மார்லெனுக்கு,

இஸ்தான்புல்லில் புது வேலை ஒத்துப்போகிறதா? இங்கே குதிரைப் பால் இந்த வருஷம் நன்றாகப் புளித்திருக்கிறது. உங்கள் பங்கையும் நானே குடித்துவிட்டேன்.

என் தம்பி எர்தென் நேற்று கோல் ஊன்றி வாசல்வரை வந்தான். இடுப்பெலும்பு கூடிவிட்டது. இனி விமானம் ஓட்ட விடமாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குக்கூட அவன் அழவில்லை. "விசாரணையில நான்தான் கவனிக்கலன்னு சொல்லிடறேன். அத்தான் பொழப்புல மண்ணப் போட்டுடாதக்கா" என்கிறான்.

நீங்கள் விட்டுப்போன விமானப் பயிற்சிப் பாடப் புத்தகத்தைப் படித்தேன். ஏறுவதற்கு இரண்டு வேகமாமே. மணிக்கு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டரில் போனால் குறைந்த நேரத்தில் அதிக உயரம். நூற்றுப் பதினைந்தில் போனால் குறைந்த தூரத்தில் அதிக உயரம். எதிரே மரம் நின்றால் இரண்டாவதுதான் காப்பாற்றும். நீங்கள் அவனுக்கு முதலாவதை மட்டும் பழக்கினீர்கள். "நம்ம ஓடுபாதை நீளத்துக்கு அது ஒண்ணு போதும்டா" என்று சாப்பிடும்போது நீங்கள் சிரித்ததை நானும் கேட்டேன். நீளம் குறைந்த புல்தரை ஓடுபாதையிலிருந்து அவன் அதே வேகத்தில் ஏறினான். பாப்லர் மரங்கள் நெருங்கியதும் பயந்துபோய் மூக்கை ஒரேயடியாகத் தூக்கிவிட்டான். வேகம் செத்து, விமானம் விழுந்தது.

இரண்டாவது வேகத்தை ஜூன் பதினான்காம் தேதி கற்றுக்கொடுத்ததாக அவன் பயிற்சிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறீர்கள். அவனையும் கையெழுத்துப் போடவைத்தீர்கள். அத்தான் நீட்டிய இடத்தில் போட்டான், பாவி.

அந்தப் பதினான்காம் தேதி நாம் மூவரும் ஜார்கென்டில் உங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்தில் இருந்தோம். மரியாதைக்காக ஆட்டுத் தலையை உங்கள் முன்னால் வைத்தார்கள். நீங்கள் இளையவர்களுக்குக் கொடுக்கும் வழக்கப்படி அதன் காதை அறுத்து, "சொன்ன பேச்சக் கேளுடா" என்று எர்தெனுக்குக் கொடுத்தீர்கள். அவன் கேட்டான். இப்போது விசாரணைக் குழுவுக்கு, பையன் சொன்னதைக் கேட்கவில்லை என்று கடிதம் போட்டிருக்கிறீர்கள். எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

திங்களன்று குழு கூடுகிறது. காதை நீட்டும் கையும் வாங்கும் கையும் இருவர் முகத்தோடும் தெரிகிற கல்யாணப் படம் என்னிடம் இருக்கிறது, தேதியோடு. எர்தெனுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். நீங்களே வந்து உண்மையைச் சொன்னால் அது பெட்டியை விட்டு வெளியே வராது.

உங்களுக்கு வெள்ளை வழி அமையட்டும் என்று உங்கள் அம்மா பயண ஆசி எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கட்டும் என்பது என் வேண்டுதல்.

இன்றுவரை உங்கள் மனைவி,
காம்ஷாத்