கூழ் பூசிய தாடி

மாமா,

இன்று காலையில் உங்கள் மகள் என் தாடியைப் பிடித்து இழுத்தாள். கூழைக் குடித்துச் சொம்பைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. "தாடியெல்லாம் கூழு மாமா, கொஞ்சம் ஆடாம இருங்க" என்று அதட்டிவிட்டு, காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். புளித்த ராகிக் கூழின் வாசம் மூக்குக்கு அடியிலேயே தங்கிவிட்டது. எத்தனை முறை முகம் கழுவியும் போகவில்லை. நீங்கள் இருந்தால் என் முகத்தைப் பார்த்ததுமே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். இல்லாததால் எழுதுகிறேன்.

உள்ளே என் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி வந்துவிட்டாள். அக்காவும் பொழுது கிளம்பும் முன்பே வந்து கூடவே இருக்கிறாள். என்னை வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று துரத்திவிட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் அவிழ்த்து விட்டிருக்கும் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். நாலு வரி எழுதுவதற்குள் வேலிவரை போய்ப் போய் வந்தாயிற்று. மாடுகள் என்னைப் பார்த்துச் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இவளுக்கும் முதலில் ஒன்று தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயம்தான்.

இதில் இந்தத் தாடி வேறு. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாதாம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று உங்களிடமே பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவள் வாந்தி எடுத்த அன்றைக்கே நாவிதர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லவில்லை. கால் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். வெயிலில் உழும்போது வேர்வை இறங்கி அரிக்கிற அரிப்பு இருக்கிறதே, அப்பப்பா! வேப்பெண்ணெய் தடவினால் வீட்டில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. தடவாவிட்டால் பேன். நீங்கள் எப்படித்தான் பொறுத்தீர்களோ.

உங்களுக்காவது அது தாடி மட்டும் இல்லை, பிழைப்பு. நம் கூத்து செட்டில் ராணி வேஷத்துக்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது. பென்னாகரம் பக்கம் எந்த ஊரில் கூத்துக்குத் தாம்பூலம் கொடுத்தாலும், "ராணி அவருதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். மழமழவென்று சிரைத்து, அரிதாரம் பூசி, சவுரி வைத்து, நீங்கள் திரையை விலக்கிக்கொண்டு வந்தால் பெண்களே வாயடைத்துப் பார்ப்பார்கள். நான் கட்டியக்காரன். உங்களுக்கு முன்னால் குட்டிக்கரணம் போட்டு, கோமாளித்தனம் பண்ணி, சபையைச் சிரிக்கவைத்துவிட்டு ஒதுங்குகிறவன். நீங்கள் அழவைக்க வேண்டும், நான் சிரிக்கவைக்க வேண்டும். அதுதான் நமக்குள் ஏற்பாடு.

அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்து கண் திறக்காமலே போனபோது ஊர் உங்களைத்தான் பிடித்துக்கொண்டது. "புள்ளத்தாச்சி புருசன் நாள் தவறாம செரச்சிக்கினு பொம்பள வேசம் கட்டுனா புள்ள எப்பிடி நிக்கும்?" என்று கிணற்றடியில் பேசினார்கள். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் உங்களைத் தின்றது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன், கூத்து இல்லாத நாளில் ராகிக் காட்டு வரப்பில் தனியாகப் போய் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அதனால் அவள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தாடியை விட்டீர்கள். எனக்கும் உள்ளுக்குள் அதுவே வேண்டியிருந்தது. அக்கா எனக்கு மூத்தவள், அவள் இன்னொரு முறை அப்படி அழுவதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் கூத்துக் காலம் வந்துவிட்டது. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். கிணறெல்லாம் அடி தெரிந்து கிடந்த வருஷம். மழைக்காகக் கூத்து வைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ராணி அதை மடியில் போட்டு அழுவாள் இல்லையா, அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுதால் வானம் இளகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் கூத்து வாத்தியார் தாம்பூலம் வாங்கிவிட்டார். உங்கள் தாடியைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"செரச்சிக்க. இல்லன்னா வேற ஆள வெச்சி ஆடிக்கறன். அப்பறம் இந்த வேசம் உனக்கில்ல" என்றார்.

நான் இடையில் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நீங்கள் தாடியைத் தடவிக்கொண்டே நிதானமாகக் கேட்டீர்கள்: "கத்திதானே படக்கூடாது? கூழு படலாமில்ல?"

செட்டே உங்களைப் பைத்தியம் போலப் பார்த்தது. நீங்கள் அசரவில்லை. "செவுத்துல பள்ளம் மேடு இருந்தா மண்ணு வெச்சிப் பூசறதில்லயா? அப்பிடித்தான்." களி மாதிரி இறுகக் கிண்டிய ராகிக் கூழைத் தாடியின் மேல் அப்பி, சீப்பால் கீழ்நோக்கிப் படிய வாரி, காயவிட்டு, அதன்மேல் அரிதாரம். பூசினவன் நான்தான். தாடை கொஞ்சம் பெருத்துத் தெரிந்தது. "ராணிக்குப் பொன்னுக்கு வீங்கி" என்றேன். உங்களால் சிரிக்க முடியவில்லை, சிரித்தால் உதிர்ந்துவிடும்.

தீவட்டிப் புகையில் அது நன்றாகவே தப்பித்துவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் ராணி அழுகிற கட்டம் பொழுது கிளம்பிய பிறகுதானே! நல்ல வெயில். ஊர்ப் பெண்கள் அதற்கென்றே வேலையை விட்டுவிட்டு வந்து முன்னால் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். துணியால் கட்டிய பிள்ளைப் பொம்மையை மடியில் கிடத்திக்கொண்டு நீங்கள் வாயைத் திறந்தீர்கள். தாடைக்குக் கீழே முதல் வெடிப்பு விழுந்தது. தண்ணீர் வற்றின ஏரி மாதிரி அது காதுவரை ஓடியது. அடுத்த அடியை நீங்கள் நீட்டிப் பாடியபோது ஒரு துண்டு பெயர்ந்து பொம்மைமேல் விழுந்தது. பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்: "ராணிக்கு மொகம் உதுருதுடோய்!"

சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. ஆண்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். வாத்தியார் தாளத்தை விட்டுவிட்டார். எல்லார் கண்ணும் என்மேல். இந்த இடத்தில் கட்டியக்காரன் ஒரு நையாண்டி அடித்தால் கூத்து பிழைத்துவிடும். எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது, மாமா. நல்ல நையாண்டி. வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். உங்கள் கை முகத்தை மறைக்கப் போகவில்லை. மடியில் இருந்த பொம்மையை மறைத்தது.

நான் கையிலிருந்த கட்டியக்காரன் கோலைக் கீழே போட்டேன். "ஆத்தாமாருங்களே, சிரிக்காதீங்க. இந்த ராணியம்மா வூட்டுல சம்சாரம் முழுவாம இருக்குதுங்க. அது எங்க அக்காதாங்க. அதான் மொகத்துல கத்தி வெக்கல" என்றேன். அதில் நையாண்டி ஒன்றும் இல்லை.

பெண்கள் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. அவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நடுவில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். ஆடு மேய்க்கிற வீட்டுக்காரி, கையில் தொரட்டிக்கோல் இருந்தது. பேச்சில் கன்னடம் கலந்து வந்தது. "எத்தினி திங்களு?" என்று கேட்டாள்.

ராணிக் குரலை மறந்து, உங்கள் சொந்தக் குரலில் சொன்னீர்கள்: "எட்டு நடக்குதுங்கக்கா."

அவள் நேராகக் களத்துக்குள் வந்துவிட்டாள். கூத்து நடக்கும்போது யாரும் அப்படி உள்ளே வருவதில்லை. "வூட்டுல எட்டு மாசத்துப் புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு, செத்த புள்ளய மடியில போட்டு அழுவறியா? கூறு இருக்குதா உனக்கு? குடு இங்க."

எனக்குச் சுரீர் என்றது. அத்தனை நாளும் கத்தி கத்தி என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூழ் கிண்டினோம், வாரினோம், பூசினோம். உங்கள் மடியில் எதைக் கொண்டுவந்து கிடத்துகிறோம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு மட்டும் அந்தக் கடைசி நேரத்தில் தோன்றிவிட்டது. அதனால்தான் கை அங்கே போனது.

வாத்தியார் பதறிக்கொண்டு வந்தார். "அம்மா, அழுவாம கூத்து முடியாதுங்க. மழைக்கி வெச்ச கூத்து."

"அழுவறதுக்கு இவன்தான் வேணுமா? நாங்க எதுக்கு இருக்கறோம்? நீ மத்தளத்த அடி."

பொம்மையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு அவள் களத்தின் நடுவில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டுக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். முகவீணைக்காரர் கொஞ்சம் தடுமாறி, அவர்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் ஓரமாக, பாதி முகம் மஞ்சளும் பாதி முகம் தாடியுமாக, காலி மடியோடு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களோடு அத்தனை வருஷம் ஆடியிருக்கிறேன், உங்கள் அழுகை எனக்கு மனப்பாடம். அன்றைக்கு நீங்கள் அழுதது அதுவரை நான் கேட்டிராத அழுகை. முதல் பிள்ளைக்கு நீங்கள் அழுததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் பொம்மையைத் தூசி தட்டி உங்களிடம் நீட்டினாள். "அழுது முடிச்சாச்சு. இனிமே இது பொழச்ச புள்ள. கொண்டும்போயி உன் பொண்டாட்டி கையில குடு." வாத்தியார் வேறு ஆளைத் தேடவில்லை. ராணி வேஷமும் உங்களிடமே இருந்தது.

அன்றைக்கு மழை வரவில்லை. பிறகு வந்தபோது எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான் வந்தது. நான் இதை உங்களிடம் சொல்லி வம்பிழுப்பேன். நீங்கள் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. உங்களுக்கு வேண்டியது அடுத்த மாதமே வந்துவிட்டது. மகளுக்கு ராணி என்றே பெயரும் வைத்தீர்கள்.

கையில் வாங்கின உடனே அவள் உங்கள் தாடியை ஒரு பிடி பிடித்தாள், நினைவிருக்கிறதா? குனிந்தவர் குனிந்தபடியே நின்றீர்கள். எடுத்துவிடட்டுமா என்று அருகில் வந்தேன். "கழுத்து வலிக்குது மாப்ள. ஆனா நீ கைய வெக்காத. அவளா உடட்டும்" என்றீர்கள்.

உள்ளே சத்தம் கூடிவிட்டது. எழுந்து ஓடினேன். கதவருகில் அக்கா கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து எழுதுகிறேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

போன மாசியில் காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோதும் இதே மாதிரிதான் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மறுபடியும் தாடி வளர்ந்துவிட்டிருந்தது உங்களுக்கு. அப்போதும் கேட்டீர்கள். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற அதே கேள்வி. "அன்னிக்கி என்னடா சொல்ல வாயத் தொறந்த?" சந்தைக்குப் போகிற வழியில் கேட்பீர்கள், ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பீர்கள். நான் சொன்னதில்லை. உங்களைத் தவிக்கவிடுவதில் எனக்கு ஒரு ஆனந்தம். "எழுந்து உக்காருங்க, சொல்றன்" என்றேன். நீங்கள் எழுந்து உட்காரவில்லை. குளிப்பாட்டும் முன் நாவிதர் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கத்தியைக் கொண்டுபோனார். நான் வெளியே போய்விட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, மாமா.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: "ராணியம்மா, ராசா ஊருல இல்லன்னு அவரு தாடியையும் நீங்களே வளக்கறீங்களாங்க?"

நன்றாக இல்லையா? சபை வயிறு வெடிக்கச் சிரித்திருக்கும். இப்போது பாருங்கள், நீங்கள் இல்லாத ஊரில் தாடி வளர்க்கிறவன் நான். அது என்மேலேயே திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் வந்தாள். கையில் அந்தப் பொம்மை. சாயம் போய், ஒரு காது அறுந்து, அவள் பத்து வருஷமாகக் கட்டிப்பிடித்துத் தூங்கின அழுக்கோடு இருந்தது. "அம்மா குடுக்கச் சொல்லிச்சு. மடியில வெச்சிக்கினு ஒரு எடத்துல குந்துவீங்களாம், குறுக்கும் நெடுக்கும் நடந்து எங்க உசுர எடுக்காம" என்றாள். வைத்துக்கொண்டேன். நடப்பது நின்றது. எழுதுவதும் நின்றுவிட்டது.

இதைப் பொழுது சாய்கிற நேரத்தில் எழுதுகிறேன். மகன். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் அழாமல் இருந்தான், அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு அழுதான். அக்கா துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உங்களை நினைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராணி எட்டிப் பார்த்தாள். "மாமா, கொஞ்சம் குனிங்க, தாடியில இன்னும் கூழு இருக்குது" என்றாள். குனிந்தேன். அவள் நகம் வருவதற்குள் அவன் கை வந்துவிட்டது. நன்றாக ஒரு பிடி. ராணி விலக்கிவிடப் போனாள், வேண்டாம் என்றேன்.

கழுத்து இன்னும் வலிக்கிறது, மாமா.