மாமா பேரில் வந்த ரீஃபண்டு

என் அத்தானுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் இனி அதைக் கேட்க முடியாது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரீஃபண்டு வந்துவிட்டது. வருமான வரிக்காரன் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டான். இதைச் சொன்னால் இந்தக் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் தலைத் திவசம் கழிந்ததும், தமிழ்க்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். "அன்பான கணவர், பண்பான மனிதர்" என்று எழுதி ஒரு படத்தையும் கொடுத்தால் போதுமாம். எனக்கு அது போதாது. உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. மலர் வாங்குகிறவர்களும் சேர்ந்து படித்துக்கொள்ளட்டும். அவர்களில் பாதிப் பேர் உங்களைக் கேலி செய்தவர்கள்தானே.

மெஸ் நடக்கிறது. லோட்ஷெட்டிங் வந்தால் கிரைண்டர் நின்றுவிடுகிறது, பழைய ஆட்டுரலில் உட்கார்ந்துவிடுகிறேன். ராஷ்பிஹாரி முக்கில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் கிடக்கிறது. மழை பெய்தால் பாங்குப் பையன்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட வருகிறார்கள். "அண்ணாச்சி கட்டுன வரி எல்லாம் இந்தப் பள்ளத்துலதான் போச்சு மதினி" என்று உங்கள் தம்பி சிதம்பரம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். ஹவுராவிலிருந்து படகு ஏறி, ட்ராம் ஏறி இதைச் சொல்ல வருவாரா? வருகிறார்.

வரி என்றாலே நம் கடைவீதிக்குப் பயம். ஆளுக்கு இரண்டு கணக்கு. ஒன்று தனக்கு, ஒன்று சர்க்காருக்கு. நீங்கள் ஒன்றே ஒன்று வைத்திருந்தீர்கள், அதையும் கொண்டுபோய் சர்க்காரிடம் காட்டினீர்கள். துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு நம் பேட்டைப் பையன்கள் வந்தால் அவர்களிடமும் ரசீது கேட்ட ஆள் நீங்கள். நான் உங்களிடம் எத்தனை சண்டை போட்டிருப்பேன். சந்தா கொடுத்தால் பந்தலையாவது பார்க்கலாம், வரி கட்டினால் எதைப் பார்க்க என்று கேட்டேன். "ரோட்டுல நடக்கோம்லா கோமு, அதுக்குக் குடுக்கோம்" என்றீர்கள். அந்த ரோட்டைத்தான் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இப்போது என்ன சொல்வீர்கள்?

கடைசி வருஷமும் அப்படித்தான். வருஷம் முடியும் முன்பே இவ்வளவு லாபம் வரும் என்று நீங்களாக ஒரு கணக்குப் போட்டு, அட்வான்ஸ் டாக்ஸ் என்று முன்கூட்டியே கட்டினீர்கள். அப்புறம்தான் மஞ்சள் காமாலை வந்தது. மெஸ் பாதி நாள் மூடிக் கிடந்தது. வருமானம் விழுந்துவிட்டது, வரி மட்டும் முழுசாகப் போயிருந்தது.

உங்களைக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் கொண்டுபோனேன். கட்டில் இல்லை என்றார்கள். வராந்தாத் தரையில், இரண்டு பேருக்கு நடுவில், நம் மெஸ் ஜமுக்காளத்தை விரித்துப் படுக்க வைத்தேன். வரி கட்டின ரசீதை எல்லாம் எடுத்துவந்து காட்டட்டுமா, கட்டில் தருவானா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை அத்தான்.

நீங்கள் போன பிறகு, வருஷா வருஷம் உங்கள் கணக்கை எழுதிக் கொடுத்த கோஷ் பாபு வந்தார். அதிகமாகக் கட்டின பணத்தை வாரிசு கேட்டு வாங்கலாம் என்றார். ஒரு மாசத்து அரிசி, பருப்புக்கு ஆகும். சிதம்பரம் பதறிவிட்டார். "சும்மா கெடக்கவனை எதுக்கு மதினி உசுப்பி விடுதிய? குடுன்னு கேட்டா பழைய கணக்கை எல்லாம் கிண்டுவான். உங்களுக்கு என்ன பிள்ளையா குட்டியா, எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார். பிள்ளை இல்லாதவளுக்குப் பணம் மட்டும் கசக்குமா என்று கேட்டேன். நம்மிடம் இருப்பது ஒரே கணக்கு, கிண்டினால் கிண்டட்டும் என்று சொல்லிவிட்டுக் கேட்டு எழுதிப் போட்டேன்.

பல மாசம் கழித்து ரீஃபண்டு வவுச்சர் வந்தது. கோஷ் பாபு வாங்கிப் படித்தார். உங்கள் பேர் இல்லை. "ஸ்ரீ என். சுப்பையா" என்று இருந்தது. உங்கள் அப்பா. என் மாமா. கல்கத்தா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் திருநெல்வேலியில் செத்துப்போன மனுஷன்.

எப்படி ஆயிற்று என்றால், எல்லாம் அந்த இனிஷியல் செய்த வேலை. நாம் அப்பா பேரில் ஓர் எழுத்தை எடுத்து முன்னால் போட்டுக்கொள்கிறோம். எழுத்தாகப் போடாதே, விரித்து எழுது என்று எப்போதோ யாரோ கேட்டிருக்கிறார்கள். நீங்கள் உங்கள் பேரை எழுதிப் பக்கத்திலே அப்பா பேரையும் முழுசாக எழுதிவிட்டீர்கள். இங்கே கடைசியில் வருவதுதான் டைட்டில். தாஸ், கோஷ் மாதிரி சுப்பையாவையும் குடும்பப் பேராக்கி, உங்கள் பேரைச் சுருக்கி ஓர் எழுத்தாக முன்னால் வைத்துவிட்டார்கள். பாங்குச் சலானில் எல்லாம் நம் ஊர் வழக்கப்படி உங்கள் பேர். ஆபீஸ் புத்தகத்தில் மாமா. இத்தனை வருஷமாக நீங்கள் கட்டின வரியை எல்லாம் மாமா கட்டியதாக அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோஷ் பாபு ஒரு வழி சொன்னார். "இதை மாற்றச் சொல்லிப் போனால் வருஷக்கணக்கில் இழுப்பான் அண்ணி. பேசாமல் சுப்பையாவின் விதவை என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள். யார் பார்க்கப் போகிறார்கள்? பணம் கைக்கு வந்துவிடும்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. என்னைத் தூக்கித் தோளில் போட்டு வளர்த்த மாமாவுக்கு என்னையே பெண்டாட்டி ஆக்குகிறான். "பாபு, அந்தக் கையெழுத்தைப் போட்டால் மேலே போய் என் அத்தை முகத்தில் எப்படி முழிப்பேன்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. சிதம்பரம் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு அவரும் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்போதுதான் முடிவு செய்தேன். பணம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வரி கட்டின மனுஷனின் பேர் அந்தப் புத்தகத்தில் ஏறியாக வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரி ஆபீசுக்கு ட்ராம் ஏறிவிடுவேன். முதலில் ஒரு குமாஸ்தா. அவரிடம் நான் பேசியது வங்காளம், உங்களுக்குத்தான் தெரியுமே என் வங்காளம், பாதி சாம்பார். அவர் கேட்டார், "அப்பா பேர் முன்னால் வருமா? அப்போ குடும்பப் பேர்?"

"கிடையாது."

"குடும்பப் பேர் இல்லாமல் குடும்பம் எப்படி நடக்கும் தீதி?"

"நல்லாவே நடக்கும். சாப்பிட வாங்க, காட்டுகிறேன்" என்றேன். மனுஷன் சிரித்தார், வேலை நடக்கவில்லை. அடுத்த தடவை போனால் அவர் லீவு. அதற்கடுத்த தடவை பந்த். இப்படியே மழைக்காலம் போய், பூஜையும் போய்விட்டது. நான் விடவில்லை. என்னைக் கண்டதுமே வாசல் பியூன், "இட்லி தீதி வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுக்க ஆரம்பித்தான்.

கடைசியில் அதிகாரியின் அறைக்குள் விட்டார்கள். சின்ன வயசுதான், கண்ணாடி போட்டவர். குமாஸ்தாவும் கூட நின்றார். சலான், மெஸ் லைசென்ஸ், உங்கள் சாவுச் சான்றிதழ் எல்லாம் மேஜையில் பரப்பினேன். அதிகாரி ஒன்றொன்றாகப் பார்த்தார். வாக்குமூலம் எழுத வேண்டும் என்று பேனாவைத் திறந்தார்.

"கணவர் பேர் என்ன? சொல்லுங்கள்."

நான் சலானைத் தள்ளி வைத்தேன். "அதில் இருக்கு."

"இதில் ஒன்று இருக்கிறது, எங்கள் புத்தகத்தில் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுத வேண்டும்."

எனக்கு நாக்கு எழவில்லை. உங்களுக்குத் தெரியும் ஏன் என்று. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நம் ஊர்ச் சாமி பேர்தான் உங்களுக்கும். கோயிலில்கூட 'ஊர்ச்சாமி' என்றுதானே கும்பிட்டேன். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அம்மா பயமுறுத்தி வைத்திருந்தாள். குமாஸ்தா அதிகாரியிடம் குனிந்து, "பாருங்கள் சார், அவருக்கே சரியாகத் தெரியவில்லை. சுப்பையா என்றே இருக்கட்டும்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "என் அம்மாவும் அப்பா பேரைச் சொல்ல மாட்டாள்" என்றார் மெதுவாக. "ஆனால் நான் எழுதியாக வேண்டும் தீதி."

பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. அந்த நிமிஷம் எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் ஒருநாளும் சொல்லவில்லையே அத்தான். வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேனே. ஆயுசு எங்கே கூடிற்று?

"நெல்லையப்பன்" என்றேன்.

குரல் உரக்க வந்துவிட்டது. பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. இன்னொரு தடவை சொன்னேன். அவருக்கு எழுத வரவில்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "வாங்கும்போது எந்தப் பேரும் உங்களுக்குச் சரியாக இருந்தது. யார் கட்டுகிறான் என்று ஒருத்தர் கேட்கவில்லை. திருப்பித் தரும்போதுதான் ஆள் யார், குடும்பப் பேர் என்ன என்று கேட்கிறீர்கள். இவ்வளவு கட்டின மனுஷனைத் தரையில் போட்டு வைத்தேன். ஒரு கட்டில் கிடைக்கவில்லை. இப்போது பேரையும் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன்.

அதிகாரி சலான்களை எடுத்து அடுக்கி வைத்தார். பிறகு, "கட்டில் என் கையில் இல்லை. இது இருக்கிறது" என்று சொல்லி, புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, என் கண் முன்னாலேயே மாமா பேரை அடித்துவிட்டு உங்கள் பேரை எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதில் பாதி சந்தோஷம்தான். புது வவுச்சர் வந்து, பாங்கில் போட்டு, பணமும் எடுத்தாயிற்று.

என்ன செய்தேன் என்று கேளுங்கள். இந்த வருஷம் மெஸ் என் பேரில் நடக்கிறது, வருமானம் எனக்கு. எனக்கு என்று ஒரு அட்வான்ஸ் டாக்ஸ் தவணை வந்தது. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டுபோய் அதைத்தான் கட்டினேன். சிதம்பரம் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இவ்வளவு நாய்படாத பாடு பட்டு வாங்கி, திரும்ப அவனுக்கேவா மதினி? அண்ணாச்சிக்கு மேல இருக்கியளே" என்றார்.

உங்களுக்கு மேலேதான். நீங்கள் கட்டிவிட்டுச் சிரித்தீர்கள். என்னால் சிரிக்க முடியாது. மேஜை மேல் அந்தச் சலான்களைப் பரப்பினதால்தான் என்னால் அப்படிக் கத்த முடிந்தது. கடைவீதியில் இரண்டு கணக்கு வைத்திருக்கிற எவனாலும் அந்த அறையில் குரலை உயர்த்த முடியாது. அதனால்தான் கட்டினேன். எனக்கு இந்த ரோடு வேண்டும், அந்த வராந்தாவில் கிடக்கிறவர்களுக்குக் கட்டில் வேண்டும். சும்மா கேட்டால் விரட்டுவான்.

சலான் எழுதும்போது பாங்குக்காரப் பையன் என் பேர் கேட்டான். கோமதி என்றேன். டைட்டில் என்ன என்றான். இந்தத் தடவை எனக்கு நாக்குத் தடுமாறவில்லை. சொன்னேன், எழுதிக்கொண்டான்.

அத்தான், நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கையில் கரண்டி பிடிக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கட்டுவேன், ஒரு பைசா குறைக்க மாட்டேன். கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வரவும் மாட்டேன். சலானைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன். கட்டில் எங்கே என்று கேட்பேன். யாருக்காகக் கேட்கிறாய் என்று கேட்டால் உங்கள் பேரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்,
நெல்லையப்பன் பெண்டாட்டி,
கோமதி நெல்லையப்பன்