பந்திக்காரியின் பசி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்ததுதான் தாமதம், ஃபிரிட்ஜ் மேல் அழைப்புப் பத்திரிகைகள் குவிந்துவிட்டன. ஆபீசில் ஒரு நிச்சயதார்த்தம், எதிர் ஃபிளாட்டில் கிரகப்பிரவேசம், செங்கல்பட்டில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. அம்மா போனில், "இன்னாடி ஜோதி, வர்றியா இல்லியா? எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்கோ" என்றாள். வருகிறேன் என்றேன். வரவில்லை என்று இதுவரை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

படித்தது: ஷேர் ஆட்டோவில் ஒரு நாவலில் இரண்டு பக்கம். ஏதோ வெளிநாட்டு நகரம், சுரங்க ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் ஒரு பேய். அது ஒருவனை முறைத்துப் பார்க்கும் இடத்தில் பக்கத்து சீட் அக்கா மருமகள் கதையை ஆரம்பித்தார். நானும் சேர்ந்து பேசினேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

எழுதியது: ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வழக்கம்போல ஜெசிந்தா வீடு. முதல் வேலையில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள், இப்போது கேளம்பாக்கத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமை என்றால் அவள் வீட்டில் மீன் குழம்பு, சீட்டாட்டம், பிறகு எல்லாருமாக மாமல்லபுரம் கடற்கரை. தோழி ஆஸ்மாவும் அவள் கணவர் அதீப்பும் காரோடு வந்துவிடுவார்கள்.

சாப்பிட்டதும் எழுந்தேன். எழுத வேண்டும் என்றேன். ஜெசிந்தா என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டிச் சிரித்தாள். "இன்னா அவசரம்? உன் வூட்ல யார் கீறா?"

உட்கார்ந்துவிட்டேன். என் கதையில் வரும், ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடி, அதன் லிஃப்டில் குடியிருக்கும் நீர்ப்பேய் - காலையில் தலைக்குள் அவ்வளவு துல்லியமாக இருந்தது. வீடு திரும்பியபோது லிஃப்ட் மட்டும்தான் இருந்தது. பேயைக் காணோம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இணையத்தில் நான் தொடராக எழுதும் இந்த ஓ.எம்.ஆர். சாலைப் பேய்க்கதையை அருணகிரி என்ற பதிப்பாளர் படித்திருக்கிறார். செப்டம்பர் முடிவதற்குள் முழு நாவலாகத் தரமுடியுமா என்று கேட்டு மின்னஞ்சல்.

முடியும் என்று பதில் போட்டுவிட்டேன். எப்படி முடியும்? எந்த நேரத்தில்?

ஆகஸ்ட் 30, சனி

இன்று ஜெசிந்தாவின் பிறந்தநாள். மாமல்லபுரத்தில் ரிசார்ட் எடுத்திருந்தாள். ஆபீசில் அவசர வேலை என்று சொல்லிவிட்டேன். போனை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன்.

எத்தனை மாதமாயிற்று இப்படி எழுதி! காலையிலிருந்து விரல் நிற்கவில்லை. பந்திக்காரி பிறந்துவிட்டாள். ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்கிற பிசாசு. அவள் இலையில் சாப்பிட்டவர்களுக்கு ஆயுளில் அந்த நாளே இல்லாமல் போய்விடும். கிளம்புகிறவர்களைத் தோளில் தட்டி, "இன்னா அவசரம்?" என்று கேட்பாள்.

படித்துக்கூடப் பார்க்காமல் சாயங்காலமே தளத்தில் ஏற்றிவிட்டேன். பசி. சந்தோஷம்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆஸ்மா அந்த அத்தியாயத்தின் இணைப்பை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். "நம்ம ஜோதி எழுதினது! எல்லாரும் படிங்கோ!" பக்கத்தில் வரிசையாக இதயங்கள். பாவம், அவள் இன்னும் படிக்கவில்லை.

ஜெசிந்தாவுக்குத் தனியாக, "குழுவைப் பார்த்தியா?" என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக். பார்த்துவிட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது.

"ஆபீஸ் வேலைன்னியே. இதான் அந்த வேலையா?"

நான் ஏதோ உளறினேன். கதைதானே, யாரையும் நினைத்து எழுதவில்லை...

"நான் பிசாசாடி உனக்கு?"

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 6, சனி

யாரும் கூப்பிடவில்லை. நாள் முழுக்க எனக்கே எனக்கு. இதைத்தானே கேட்டேன்? லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன். புத்தகத்தில் அந்த ரயில் பேய் இன்னும் அதே ஆளை முறைத்துக்கொண்டிருக்கிறது. நாலு தடவை அதே பக்கம்.

உட்கார முடியாமல் பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டையைத் தாண்டி மணலில் உட்கார்ந்தேன். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் யாரையோ கேலி செய்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுந்துபோய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. ச்சே, இன்னா பொழப்பு இது.

செப்டம்பர் 11, வியாழன்

பந்திக்காரியை அழித்துவிடலாமா? அவள் இல்லாமல் நாவலே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனேன். ஜெசிந்தா கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன். அவளிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அத்தியாயத்த எடுத்துடறேன் ஜெசி."

"எதுக்கு எடுக்கற? நல்லாத்தான் கீது. நாலு வாட்டி படிச்சேன்." மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவரு பெட்டிய எடுத்துக்கினு போனது சனிக்கெயமதான். தெரியுமா உனக்கு?"

கணவர் பிரிந்து போனது தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். கிழமை தெரியாது.

"அன்னிக்கு சாயங்காலம் இந்த வூட்ல ஒரே நிசப்தம். பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சி. அடுத்த வாரமே உங்கள எல்லாம் கூப்ட்டேன். அப்பாலேருந்து கூப்ட்டுக்கினுதான் கீறேன்."

அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொள்ளவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு ஏன் அவ்ளோ பசின்னு நீ எழுதவே இல்லியே ஜோதி. அத்த எழுது."

செப்டம்பர் 15, திங்கள்

ஆபீசுக்கு லீவு போட்டேன். எழுதுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா ஏதோ காதுகுத்துக்குக் கூப்பிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வரலம்மா, எழுதணும்" என்றேன். "சரி, எழுது. வேளைக்கு சாப்புடு" என்று வைத்துவிட்டாள்.

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

செப்டம்பர் 30, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். பந்திக்காரி இப்போது யாருடைய நாளையும் தின்பதில்லை. கடைசி விருந்தாளி செருப்பை மாட்டும்போது அவள் முகம் என்னவாகிறது என்று ஒரு முழு அத்தியாயம். எனக்கே அவளை விட்டு எழுந்து வர மனமில்லை.

அக்டோபர் 11, சனி

பதிப்பாளரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மின்னஞ்சல் பார்க்கிறேன்.

மதியம் ஜெசிந்தா வீடு. சாப்பாடு முடிந்து அதீப் காரை எடுத்துவிட்டார். ஆஸ்மா வாசலில் நின்று கத்தினாள். ஜெசிந்தா சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள், கையில் நான் போன வாரம் கொடுத்த புத்தகம்.

"ஏய், எழுந்திரு. கடலுக்கு நேரமாச்சு" என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. "நீங்கோ போங்கோ. இங்க ஒருத்தன் பாலத்துக்கடியில பூதத்தாண்ட மாட்டிக்கினு கீறான். அவன் இன்னா ஆவறான்னு பாத்துட்டு ஆட்டோ புடிச்சி வர்றேன்."

நாங்கள் போனோம். இருட்டும்வரை அலையில் நின்றோம். அவள் வரவேயில்லை.