அரக்கன் எனக்கு

ஞாயிறு, ஐப்பசி 9

தூக்கம் வரவில்லை. மணலூர்பேட்டையில் கவிதா வீட்டுக்குப் போயிருக்கவே கூடாது.

சின்ன வயதில் ஞாயிறுதோறும் அவள் வீட்டு டிவியில் ஒரு வாள்வீரன் தொடர் பார்ப்போம். அந்தத் தொடரை வைத்து வந்த பழைய வீடியோ கேமை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறாள். "வாடி, ஆடலாம்" என்று உட்காரவைத்தாள். வீரன் அவளுக்கு, அரக்கன் எனக்கு. அப்போது தொடர் முடிந்ததும் வாள்சண்டை விளையாடுவோமே, அதிலும் அப்படித்தான்.

அவர்கள் வீட்டுக் கரும்பு வயலில்தான் அம்மா வேலை செய்தாள். "நீ ஜெயிச்சா அந்தப் பொண்ணு அழுவும். அப்புறம் டிவி பாக்க உள்ள உடமாட்டாங்க" என்பாள். அதனால் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

இன்று நான் ஜெயித்திருக்க வேண்டும். இன்னும் ஒரே அடிதான் பாக்கி. கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது. வீரன் என்னை வெட்டினான்.

கவிதா சிரித்தாள். "இன்னாடி, வேணும்னே தோத்துட்டியா? சின்ன வயசுலியே எனக்குத் தெரியும்டி."

நானும் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சி வரும்வரை ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது உறுத்துகிறது.

தெரிந்திருக்கிறது அவளுக்கு. தெரிந்தும், ஒரு ஞாயிறுகூட வீரனை எனக்குத் தரவில்லை.