ஐப்பசிக்கு முன் பூச வேண்டிய மெழுகு

கடைக்காரர் கார் மெழுகு டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து, "மோந்து பாருங்கக்கா, நல்ல சரக்குங்க" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். நாமக்கல்லில், பட்டப்பகலில், கார் சாமான் விற்கும் கடை வாசலில் நின்று நான் அழுதுவிட்டேன். மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தைப் பிசைந்தது போன்ற வாடை. பனிக்காலம் முழுக்க உன் கையில் இருக்குமே, அதே வாடை. லேபில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "கையைக் கழுவுனியா இல்லியா?" என்று எத்தனை நாள் உன்னைத் திட்டியிருப்பேன். நீ போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. கடைக்காரர் பயந்துபோய் டப்பாவை மூடிவிட்டு, "வேற கம்பெனி காட்டட்டுங்களா?" என்றார்.

அந்தக் கடைக்கு நான் போனது உன் மகள் நித்யாவுக்காக. அவளுக்குக் கொல்லிமலையில் கால்நடை மருத்துவராக வேலை கிடைத்திருக்கிறது. உனக்குத் தெரியாமலே போய்விட்டது அது. உன் காரைத்தான் மேலே எடுத்துப் போகிறாள். "அங்க பனியும் சாரலும் உடாதுங்களாம் சித்தி. நின்னு புடிக்கற மாதிரி ஒரு மெழுகு பாத்து வாங்கிக் குடுங்க. அம்மாவுக்கு அடுத்து உங்களுக்குத்தானுங்க தெரியும்" என்றாள். எனக்கு என்ன தெரியும்? பதினோரு வருடம் உன் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்று, உன்னிடம் திட்டு வாங்கியவள் நான். அந்தத் திட்டுகள்தான் என் படிப்பு.

வேறு ஊரில் பிறந்திருந்தால் உனக்கு இந்த மெழுகுப் பைத்தியம் பிடித்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. நம் வேலை அப்படி. நீ பண்ணை பண்ணையாகப் போய் தண்ணீர், எச்சம், செத்த கோழி என்று சேகரித்து வருவாய். நான் லேபில் உட்கார்ந்து அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். ஒவ்வொரு பண்ணை கேட்டிலும் வண்டியை நிறுத்தி மருந்து அடிப்பார்கள். வெளியிலிருந்து நோய் எதுவும் உள்ளே போய்விடக் கூடாது, நியாயம்தான். ஆனால் நீ இறங்கிப் போய், "அண்ணா, சக்கரத்துக்கு மட்டும் அடிங்கண்ணா, பானெட்டை உட்டுருங்க" என்று கெஞ்சுவாய். "மொதலாளி வைவாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணாடி, கதவு, பானெட் எல்லாம் குளிப்பாட்டி அனுப்புவார். ஒரு நாளைக்கு நாலு பண்ணை என்றால் நாலு குளியல். அடர்நீல வண்டியில் அது காய்ந்து வெள்ளைப் பொட்டாக நிற்கும். வெள்ளை வண்டி வாங்கியிருக்கலாமே என்று நான் சொன்னதற்கு மல்லசமுத்திரம் போய்ச் சேரும்வரை என்னிடம் நீ பேசவில்லை.

கார்த்திகை பிறந்தால் இன்னும் மோசம். தீவனத் தூசியும் கேட்டு மருந்தும் படிந்த வண்டிமேல் பனி இறங்கி, வெயில் ஏறும்வரை ஊறிக்கொண்டே இருக்கும். "மழை கழுவிப்போட்டுப் போயிரும் புள்ள. பனிதான் உக்காந்து திங்கும்" என்பாய். அதனால்தான் உனக்கு நின்று பிடிக்கும் மெழுகு வேண்டியிருந்தது. எது நிற்கும் என்று கண்டுபிடிக்க நீ செய்ததை நினைத்தால் இந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பானெட்டைக் காகித டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தாய். ஒவ்வொரு பங்கிலும் ஒரு கம்பெனி மெழுகு. நம் சாம்பிள் பாட்டில்களில் ஒட்டுகிற சீட்டையே கிழித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி ஒட்டினாய். மார்கழி முழுக்கத் தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, எதில் முத்து முத்தாக நிற்கிறது, எதில் படர்ந்து ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பாய். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று, காருக்கு என்ன நோய் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கண்ணாடி மாதிரி மின்னிய மெழுகு பொங்கலுக்கு முன்பே போய்விட்டது. மினுக்கமே இல்லாத ஒன்று மாசி வரை நின்றது. அதன் டப்பாவில் ஆறு மாதம் என்று போட்டிருந்தது. "இதை எழுதுனவன் கோழிப்பண்ணை கேட்டுல நின்னிருக்கானா?" என்று டப்பாவையே கேட்டாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மெழுகு நாள். அது தேயத் தேய, பனி முடியும்வரை நீ தனியாகவும் பூசிக்கொண்டே இருப்பாய். நான் அள்ளி அப்புவேன். நீ துணியைப் பிடுங்கி, "சந்தனமா பூசற? சிலைடுல ரத்தத்தை இழுப்பியே, அத்தனை மெல்லிசா இழு புள்ள" என்பாய். எனக்குப் புரிகிற பாஷையில் சொல்ல உனக்குத்தான் தெரியும்.

இந்த வருடமும் நீ போன் செய்தாய். புற்றுநோய்க்கு மூன்றாவது சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தாய். "மழைக்கு முன்னால போட்டுறோணும் புள்ள. ஞாயித்துக்கெழமை வாரியா?" என்றாய். "இந்த வாரம் ஆவாது, அடுத்த வாரம் வாரேன்" என்றேன். அடுத்த வாரம் உறவில் ஒரு சீர் விசேஷம் இருக்கிறது என்றேன். அதற்கும் அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்றேன். முதல் வாரம் எனக்கு வேலையும் இல்லை, அப்புறம் சீரும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அதற்கு முந்தைய முறை வந்தபோது உன் மணிக்கட்டைப் பார்த்திருந்தேன். இரண்டு வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை வண்டியைத் துடைப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயந்தாங்கொள்ளி நான். காய்ச்சல் என்று நான் சொன்னதும் நீ, "சரி, ஒடம்பப் பாத்துக்கோ. கஷாயம் வெச்சுக் குடி" என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் வண்டியைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடையில் டப்பாவை வேண்டாம் என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கினேன். புதுவிதத் திரவம். "ஒரு வருசம்னு போட்டிருக்காங்க. மலைக்குன்னா ஒரு ஆறு மாசம்னு வெச்சுக்குங்க" என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். அது உனக்குப் பிடித்திருக்கும். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். "பழைய மெழுகு துளி இருந்தாலும் இது ஒட்டாதுங்க. பாத்திரம் கழுவற சோப்புல நல்லாக் கழுவி, ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சிருங்க." ஸ்பிரிட்டுக்கு நமக்கா பஞ்சம்? லேபிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மதியம் உன் வீட்டுக்குப் போனேன்.

பழைய மெழுகு எங்கே இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். போன வருடம் போட்டது எப்போதோ போயிருக்கும். தகரக் கொட்டகையில் உறை போர்த்தி நின்றிருந்தது வண்டி. உறையை எடுத்துவிட்டு நித்யா ஹோஸ் பைப்பைப் பிடித்தாள். மேற்கூரையில் விழுந்த தண்ணீர் தட்டையாகப் படர்ந்து ஓடியது. சரிதான் என்று நினைத்தேன். பானெட்டில் பட்டதும் முத்து முத்தாக உருண்டது. கதவுகளிலும் அப்படியே. நித்யாவின் கையிலிருந்து பைப்பை வாங்கி மறுபடியும் கூரையில் பிடித்தேன், மறுபடியும் கதவில் பிடித்தேன். பதினோரு வருடமாக நம் கணக்கு என்ன? குள்ளச்சி உனக்குக் கதவும் பானெட்டும், நெட்டச்சி எனக்கு மேற்கூரை.

"யாரு சாமி மெழுகு போட்டது?" என்று கேட்டேன்.

"அம்மாதானுங்க. ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின நாலு நாளும் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்துட்டு, ஒரு நாளைக்கு ஒரு கதவுன்னு போட்டாங்க. பானெட்டை ரெண்டா பிரிச்சு ரெண்டு நாளு சாயங்காலமாப் போட்டாங்க. நான் போடறேன்னா உடலிங்க."

"அப்புறம் மேல, டாப்பு?"

"அதையாவது நான் போடறேனுங்கம்மான்னு கேட்டேன் சித்தி. வேண்டாம், அது அவ பங்கு, வருவான்னு சொல்லிப்போட்டாங்க."

நான் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னாயா? நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று ஞாயிறு, மூன்று பொய். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. உன் மகள்தானே. "வந்திருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இதை எப்படிக் கழுவி எடுப்பது என்று கேட்டேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், இந்தப் பனிக்கு அம்மா போட்டதே போதும் என்று வாதாடினேன். நித்யா கேட்கவில்லை. "கேஸுன்னு எங்கயாவது கூப்டுட்டே இருப்பாங்க சித்தி. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எறங்கி வந்து மெழுகு போட எனக்கு நேரமிருக்காதுங்க. அம்மாவா இருந்தா என்ன சொல்லுவாங்க?" நீ என்ன சொல்வாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வண்டி எங்கே நிற்கப்போகிறதோ அதற்குத் தகுந்ததைப் போடு என்பாய். நான் தோற்றுப்போனேன். "சரி, நாளைக்குக் கழுவலாம். உங்கம்மா வெச்ச டப்பாவை எடுத்தா" என்றேன்.

"எதுக்குங்க?"

"டாப்புக்குப் போடோணும்."

"நாளைக்குக் கழுவி எடுக்கறதுக்கா?"

"ஆமா. சும்மா போய் எடுத்தா கண்ணு."

டப்பாவில் கால்பங்கு இருந்தது. மெழுகில் உன் விரல் சுரண்டிய தடம் இருந்தது. அதை அழிக்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தேன். கொட்டகை நிழலில், பொழுது சாய்வதற்குள், சிலைடில் ரத்தத்தை இழுப்பது போலவே மெல்லிதாக இழுத்தேன். நடுவில் ஓர் இடம் தடித்துவிட்டது, திட்டிக்கொள். காய்ந்ததும் துடைத்துவிட்டு, வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து உறை போடாமல் வாசலில் விடச் சொன்னேன். அன்று உன் வீட்டிலேயே தங்கினேன்.

காலையில் எழுந்து வந்து பார்த்தேன். நல்ல பனி. கூரை, பானெட், கதவு என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, எள்ளு எள்ளாக நின்றது. உன் பங்கு எங்கே முடிகிறது, என் பங்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வெயில் ஏறும்வரை நித்யா வாளியோடு வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. பிறகு சோப்பைக் கரைத்தோம். முதல் கதவை நான்தான் தேய்த்தேன், ஸ்பிரிட்டால் துடைத்ததும் நான்தான். உன் மெழுகு மொத்தமும் நாலு துணியில் வந்துவிட்டது. புதியதைப் பூசி முடிக்க மதியம் ஆனது. நன்றாகப் பிடித்திருக்கிறது, மலையில் நிற்கும், கவலைப்படாதே.

வரச் சொல்லி மூன்று ஞாயிறு நீ காத்திருந்தாய். அது மட்டும் என்மேல் அப்படியே இருக்கிறது புள்ள. அதைத் துடைக்க நான் எதையும் தேடவில்லை.