ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து நசநசவென்று மழை. எங்கள் ஏரியா மர்பி டவுனில் பஸ்ஸே வரவில்லை, ஆட்டோ. நனைந்த செருப்போடு டயாலிசிஸ் வார்டு. எடை மெஷின் மறுபடி ரிப்பேர். சொல்ல வேண்டும்.

கோவிந்தராஜன் ஐயாவோடு (இனி கோ.) இன்று அவர் மகன். முதல் தடவை. எப்போதும் டிரைவர்தான் கொண்டுவந்து விடுவார். ஊசி குத்துமுன் எல்லோருக்கும் சொல்வதைக் கோ.வுக்கும் சொன்னேன்: "ஆண்டவர் ஆசீர்வதிப்பாரு, பயப்படாதீங்க." வழக்கம்போலக் கண்ணை மூடிக் கையை நீட்டினார். பக்கத்து பெட் ஃபாத்திமா அம்மா, வழக்கம்போல, "ஆமீன்."

மெஷின் ஓட ஆரம்பித்ததும் மகன் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ட்ரீட்மெண்ட்டுக்கு வந்திருக்கோம். மதம் மாறறதுக்கு வரல. எங்கப்பாகிட்ட இதெல்லாம் வேணாம்."

மதம் மாற்றுகிறேனாம்! சொந்தப் பிள்ளையையே ஞாயிறு பூசைக்கு எழுப்ப முடியவில்லை என்னால். திரும்பி வார்டுக்குள் வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்சார்ஜ் மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், அப்போதே தெரிந்தது.

"நோடி, பாருங்க சிஸ்டர், கோவிந்தராஜன் மகன் கம்ப்ளெயின்ட் கொடுத்துட்டார். இப்ப காலம் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு தடவை வந்தா வேலை போயிடும். நான் காப்பாத்த முடியாது."

"அப்ப என்ன சொல்றது மேடம்? சும்மா குத்தறதா?"

"ஆல் தி பெஸ்ட் சொல்லுங்க."

வரும்போது வாங்க வேண்டியது வெங்காயம், மெழுகுவத்தி, குடைக்கம்பி. மூன்றும் மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு ஊசி போடு, அவ்ளோதான்" என்கிறார். சுலபம். பதினோரு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறக்கிறது.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஊசிக்குக் காத்துக் கிடக்கிற மனிதர், குத்தப்போகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? நானும் யாரையும் கேட்டதில்லை. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அந்த மகனை மனதுக்குள் என்னென்னவோ திட்டினேன். செபமாலை பாதியில் நின்றது.

ஜூலை 16, புதன்

மழை இல்லை. மோசமான நாள்.

கோ. கண்ணை மூடிக் கையை நீட்டினார். நான் பேசாமல் பஞ்சால் துடைத்தேன். கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல ஐயா. ஆல் தி பெஸ்ட்."

முகம் வெளுத்துப்போய்விட்டது. "ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"இல்லைங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு? என்னக் கைவிட்டாச்சா?"

இல்லவே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கையை மடக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிபி எகிறிவிட்டது. "உங்க மகன்தான் சொல்லக் கூடாதுன்னாரு" என்பது நாக்கு நுனிவரை வந்தது. மேடம் அங்கேயே நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன். டாக்டர் வந்து பேசியும் கேட்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்தக் குத்தெல்லாம் இனி எதுக்கு" என்று எழுந்துவிட்டார். டிரைவர்தான் தாங்கிக் கூட்டிப்போனார்.

டயாலிசிஸ் செய்யாமலே போய்விட்டார். என்னால்.

ஜூலை 17, வியாழன்

ஆஃப். துணி ஊறவைத்து மறந்துவிட்டேன். கோ. உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். மூச்சு முட்ட ஆரம்பித்திருக்கும். வார்டுக்குப் போன் செய்தேன். "அவங்க வீட்ல போனே எடுக்கல" என்றார் மேடம். திரும்பவும் செய்தேன். அதே பதில்.

வேலை போகட்டும். அந்த மனிதர் போய்விட்டால்?

ஜூலை 18, வெள்ளி

வந்துவிட்டார்! வீல்சேரில். கால் இரண்டும் தூண்போல வீங்கி, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. தள்ளிக்கொண்டு வந்தவர் மகன், சவரம் செய்யாத முகம். டாக்டரும் மேடமும் ஓடிவந்தார்கள். படுக்க வைத்தோம், ஆக்சிஜன் வைத்தோம். கையை மட்டும் தரவில்லை. என்னையே பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. நான் பொழைக்க மாட்டேன்னு... தெரிஞ்சுதான... அத நிறுத்திட்ட?"

நான் வாய் திறக்குமுன் மகன் சொல்லிவிட்டார். "நான்தாம்பா நிறுத்தச் சொன்னேன்."

"ஏன்டா?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு..."

"என்னைக் கேட்டியா?"

எனக்கும் சுருக்கென்றது.

"நீ சொல்லும்மா."

மேடத்தைப் பார்த்தேன். மேடம் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினார். சொன்னேன். மடங்கியிருந்த கை நீண்டது. ஊசியை எடுத்தேன்.

"இரு. அவனுக்கும் ஒண்ணு சொல்லு. ரெண்டு நாளா தூங்கல அவன்."

வாய் வரவில்லை. வாரம் முழுக்க அந்த ஆளைத் திட்டிய வாய். "உங்களுக்கு வேணாம்னா வேணாம் சார்" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க."

சொன்னேன். பாதி மனதோடுதான் ஆரம்பித்தேன், முடித்தது முழு மனதோடு. அவர் ஆமென் சொல்லவில்லை. அப்பாவின் சட்டைக் கையை மேலே மடித்துப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஊசி போடுங்க சிஸ்டர்" என்றார்.