மாடுகளுக்குத் தெரியாத ஒரு மணி நேரம்

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
21.05.1976

அன்புள்ள மகன் ஆனந்தராஜாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் இங்கிலாந்து மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அவள் விளக்கேற்றும்போதெல்லாம் சொல்கிறாள். உன் புது விண்மீனைப் பற்றி யோகா அன்ரி வீடு தொடங்கி மீன்கடைக்காரன் வரை "எங்கட பிள்ளை கண்டுபிடிச்சது" என்று சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். கதிரையில் இருந்துகொண்டு படி மகன். அது விண்மீன் இல்லை.

நான் வேலை செய்யும் ரேடியோ தொலைநோக்கியில் இருந்து அனுப்பிய இரண்டு காகிதச் சுருள்களில், பெப்ரவரி 28 அன்று அந்தத் துடிப்பு காலை ஏழு மணிக்கு, மார்ச் 14 அன்று ஆறு மணிக்கு. விண்மீன் நாளுக்கு நாலு நிமிடம் முந்தி வரும், பதினைந்து நாளில் ஒரு மணி நேரம், ஆகவே இது வானத்தில் இருந்துதான் வருகிறது என்று நீ கணக்குப் போட்டாய். கணக்குச் சரி. ஆனால் இடையில் மார்ச் 7ஆம் திகதி இங்கே கோடைகால நேரம் முடிந்து மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். சுருளில் கோடையிலும் மாறாத கிரீனிச் நேரம்தான் எழுத வேண்டும். அந்த மணிக்கூடு அடுத்த அறையில், எழும்பிப் போகப் பஞ்சிப்பட்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். தென்வானம் உனக்கு அங்கிருந்து தெரியாது, என்னைத்தான் நம்பினாய். மே மாதமும் துடிப்பு முந்தாமல் அதே ஆறு மணிக்கே வரக்கண்டு, தொலைநோக்கிக்குப் பக்கத்துப் பால்பண்ணைக்கு நடந்தேன். பால் கறந்தபின் மாடுகள் பாதையைக் கடக்கும் சில நிமிடம் மட்டும், விட்டுவிட்டுத் துடிக்கும் மின்வேலியைப் போடுவாராம் பண்ணைக்காரர், மாடுகளுக்குக் கோடைகால நேரம் தெரியாது என்று சிரித்தார். அவர் வேலியை நிறுத்தியதும் எங்கள் கருவியின் பேனா அசையாமல் நின்றுவிட்டது. துடிப்பு விண்மீன்கள் சில திடீரென வேகம் மாறுவது ஏன் என்று உலகத்தில் எவருக்கும் தெரியாது, என்னுடையது அதற்கு விடை சொல்லும் என்று எழுதியிருந்தாய். இங்கே வேகம் மாறியது வேலியின் பழைய பற்றரியால், மகன்.

இது தெரிந்து ஒன்பது நாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று பேசாமல் இருந்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிறகு தந்தி அடிக்கப் போனேன், தந்தி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சாவுச் செய்திதான், பிரிக்க முதலே அம்மாவை நினைத்து நீ விழுந்துவிடுவாய் என்று திரும்பி வந்தேன். கட்டுரை அடுத்த மாதம் அச்சாகும் என்றாய், இந்தக் கடிதம் முந்த வேண்டும். இன்று காலை மேலதிகாரியிடம் எல்லாம் சொன்னேன், திங்கட்கிழமையில் இருந்து வரவேண்டாம் என்றார். கட்டுரையை நிறுத்தச் சொல்லும் கடிதத்தில் நீ கருவிப் பழுது என்று எழுதி என்னை மறைக்கப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அது வேண்டாம். கட்டுரையின் கடைசியில் அப்பாவுக்கு நன்றி என்று போட்டிருந்தாயே, அங்கிருந்து என் பெயரை எடுத்து, அந்தக் கடிதத்தில் பிழை விட்டவர் என்று போடு.

பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார், என் ஆசி என்றும் உனக்கு உண்டு. வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கண்டதும் முதலில் உன் பேராசிரியரிடம் போ. எனக்குப் பிறகு எழுதலாம், எழுத மனம் வராவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

உன் அப்பா,
சி. அரியரத்தினம்